ஒரே குன்று, ஒரு வருடம்

(மதுரையில் வாசகர் வட்டம் ஒன்றின் மார்கழி மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உடல்நலம் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். அது கடல்போல விரிந்த பொருள். எனக்குத் தெரிந்த ஒரு மூலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். இதுவரை மலை ஏறிப் பழக்கமில்லாத ஒருவர், நாற்பதோ ஐம்பதோ வயது, கொஞ்சம் தொப்பை, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. அவர் "வருகிற வருடம் முழுக்க மலை நடக்கப் போகிறேன்" என்று முடிவெடுக்கிறார். அவர் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது? இதுதான் என் பேச்சு. தை பிறக்கப் போகிறது. பலர் மனதில் இப்படி ஒரு எண்ணம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் இன்றைக்குச் சொல்லிவிடுவது நல்லது.

நாம் மலைக்குப் புதியவர்கள் கிடையாது. தைப்பூசத்துக்குக் காவடி தூக்கிப் பழனிக்கு நாள்கணக்கில் நடக்கிறோம். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் சுற்றுகிறோம். சோளிங்கரில் 1,305 படி ஏறி நரசிம்மரைப் பார்க்கிறோம். பருவதமலையில் கடப்பாறைப் படியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஏறும் பாட்டிகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இவ்வளவு மலைகளைக் கால்நடையாகத் தொட்ட சமூகம் உடற்பயிற்சிக்கு வெளியில் எங்கும் தேட வேண்டியதில்லை. ஆனால் இதெல்லாம் நம்மில் பலருக்கு வருடத்துக்கு ஒரு தரம்தான். மீதி நாளெல்லாம் நாற்காலி, பைக், சோபா.

அதன் விலை என்ன என்று பார்க்க வேண்டுமானால் கோவை வெள்ளியங்கிரிக்குப் போக வேண்டும். பூண்டி அடிவாரத்தில் தொடங்கி ஏழு மலை. மாசி, பங்குனி, சித்திரையில் ராத்திரி முழுக்க டார்ச் வெளிச்சம் மேலே ஊர்ந்துகொண்டே இருக்கும். 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் அந்தப் பாதையில் மூச்சுத் திணறியும் நெஞ்சு வலித்தும் மயங்கியும் பலர் இறந்துபோனார்கள். இதய நோய், மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று அதிகாரிகள் திரும்பத் திரும்ப அறிவிக்க வேண்டியிருந்தது. பக்தியை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். அந்த உடம்புகளை முன்கூட்டி யாரும் பழக்கவில்லை, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வரை அலுவலக மேசையில் இருந்த உடம்பை சனிக்கிழமை ராத்திரி செங்குத்தான படியில் நிறுத்தினால் அது என்ன செய்யும்?

இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி; தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம். ஏழு பேரில் ஒருவர். இந்த அரங்கில் வரிசை வரிசையாக எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொடங்குபவர் பெரிய மலை ஒன்றை இலக்காக வைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குன்றைத் தேர்ந்தெடுத்து, அதே குன்றுக்கு வாரா வாரம் போய்க்கொண்டிருக்க வேண்டும். வருடத்தில் 52 வாரம். நல்லது கெட்டது, காய்ச்சல், கல்யாணம், அடைமழை எல்லாம் போக நாற்பது ஏற்றம் வைத்துக்கொள்ளுங்கள். அதுவே முழு வெற்றி. ஐம்பத்திரண்டும் போயே தீருவேன் என்று சபதம் எடுப்பவர்கள், ஒரு வாரம் விட்டுப்போன உடனே மொத்தத்தையும் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் ஒரு வருடம், மூன்று மாதம் போதாதா என்று கேட்பீர்கள். இங்கேதான் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். நம் உடம்பில் எல்லா உறுப்பும் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. இதயமும் ரத்த ஓட்டமும் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். நாலைந்து வாரத்திலேயே மூச்சு வாங்குவது குறையும். தொடைச் சதையும் கெண்டைக்காலும் இரண்டு மூன்று மாதத்தில் வலுப்பெறும். ஆனால் சதையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண்கள் மெதுவாகத்தான் மாறும். அவற்றுக்கு ரத்தம் போவதே குறைவு. முழங்காலுக்குள் இருக்கும் குறுத்தெலும்புக்கோ ரத்தக் குழாயே கிடையாது. நடக்கும்போது அது அமுங்கி விரிய, சுற்றியிருக்கும் மூட்டுநீரில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக உணவை எடுத்துக்கொள்கிறது. எலும்பு பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டிக்கொள்ளும் ஒரு சுற்றுக்கே நாலு முதல் ஆறு மாதம் ஆகும்.

இதில் ஒரு ஆபத்தான காலம் ஒளிந்திருக்கிறது. மூன்றாவது மாதம். அப்போது மூச்சு சுலபமாக வரும், சதையில் தெம்பு இருக்கும், "நான் தயார்" என்று மனசு சொல்லும். தசைநாணும் மூட்டும் தயாராகியிருக்காது. பூச்சு வேலை முடிந்த சுவருக்கு மேஸ்திரி நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றச் சொல்கிறாரே, பார்வைக்குக் காய்ந்துவிட்டது என்று அன்றைக்கே ஆணி அடித்தால் என்ன ஆகும், அந்தக் கதைதான். மலைநடையை முழங்கால் வலியோடு கைவிட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முதல் மாதத்தில் விட்டிருக்க மாட்டார்கள். மூன்றாவது, நாலாவது மாதத்தில், உற்சாகத்தின் உச்சியில், ஒரு பெரிய மலைக்குப் போய்விட்டு வந்து படுத்திருப்பார்கள். வருடம் என்ற நீளம் இந்த இடத்தில் நம்மைப் பிடித்து நிறுத்துகிறது. ஒன்பது மாதம் பொறுத்தவருக்கு மூச்சும் சதையும் நாணும் எலும்பும் சேர்ந்து நிற்கும்.

சரி, எந்தக் குன்று? மதுரைக்காரர்களுக்கு இந்தக் கேள்வியே வரக்கூடாது. எந்தத் திசையில் திரும்பினாலும் மலை. தொடங்குபவருக்கு நான் சொல்வது கீழக்குயில்குடி சமணர்மலை. அடிவாரத்தில் கருப்பசாமி கோயில், முன்னால் தாமரைக்குளம், பெரிய ஆலமரம். அங்கிருந்து பாறையில் வெட்டிய படி ஏறுகிறது. பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்கிறது. நிதானமாக ஏறினால் கால் மணி, இருபது நிமிடத்தில் பேச்சிப்பள்ளம். அங்கே ஒரு சுனையும், பாறைச் சுவரில் வரிசையாக எட்டுச் சிற்பங்களும் உண்டு. பாம்பு குடை பிடிக்க நிற்கும் பார்சுவநாதர், கொடி சுற்றிய பாகுபலி, மகாவீரர். கீழே ஆயிரம் வருடத்துக்கு முந்தைய வட்டெழுத்து. இதயத் துடிப்பு அடங்கும்வரை உட்கார இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அதற்கு மேலே படி முடிந்து வெறும் பாறைச் சரிவு. பழைய சமணப் பள்ளி ஒன்றின் அடித்தளத்தைக் கடந்து உச்சிக்குப் போனால் விளக்குத்தூண். அதன் பக்கத்தில் கன்னட எழுத்தில் ஒரு கல்வெட்டு. மேலேறி நின்றால் ஒரு பக்கம் நாகமலை நீளமாகப் படுத்திருக்கும். பளிச்சென்ற காலையில் கோபுரங்கள் தெரியும்.

முதல் மூன்று மாதம் பேச்சிப்பள்ளத்தோடு திரும்பிவிட வேண்டும். கால் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அதற்கு மேல் போகக்கூடாது. அடுத்த மூன்று மாதம் உச்சி வரை. அதன்பிறகு ஒரே காலையில் இரண்டு தரம் ஏறி இறங்கலாம். மாதத்தில் ஒரு வாரம் வேறு மலைக்கும் போகலாம். அழகர்கோயிலில் இருந்து பழமுதிர்ச்சோலை வழியாக நூபுர கங்கை வரை நடப்பது அப்போது ஏற்றது. நீளமான, நிழலான ஏற்றம். குரங்குக்குப் பயந்து பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரே மலையா, சலிக்காதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். சலிக்காது, தம்பி. ஒரே மலைக்குப் போனால்தான் உங்கள் மாற்றம் உங்களுக்குத் தெரியும். போன மாதம் உட்கார்ந்த படியில் இந்த மாதம் உட்காரவில்லை என்பதை வேறு வேறு மலைக்குப் போகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? உடம்பைச் சோதிக்க நம்பகமான அளவுகோல் அந்தப் படிதான். கைக்கடிகாரம் துடிப்பைக் காட்டட்டும், நல்லது. அது இல்லாதவர்களுக்கு ஒரு எளிய வழி: ஏறும்போது பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச முடிந்து, பாட முடியாமல் இருந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் அந்த இடத்திலேயே நில்லுங்கள்.

நேரத்தைக் கணிக்க ஒரு பழைய விதி இருக்கிறது. 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி எழுதிவைத்தது. நம் அளவில் சொன்னால், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறும் உயரத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். ஆறு கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் ஏறத்தாழ இரண்டே கால் மணி. இது நல்ல தேர்ச்சி உள்ளவருக்கான கணக்கு, ஓய்வு சேராதது. புதியவர்கள் அதில் பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கிளம்பும் முன்பே "இத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவேன்" என்று ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்வது அதைவிட முக்கியம். உச்சி அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.

இப்போது இறக்கம். ஏற்றத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இறக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மலைநடையில் பாதி அதுதான், கடினமான பாதியும் அதுதான்.

எங்கள் நடைக் குழுவோடு சமணர்மலைக்கு வந்த ஒரு அக்கா, தையல் வேலை செய்பவர், முதல் நாள் படபடவென்று ஏறிவிட்டார். எல்லோருக்கும் முன்னால் சுனைக்குப் போய் உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது பத்துப் படிக்குள் தொடை இரண்டும் நடுங்க ஆரம்பித்துவிட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினார். "ஏறும்போது இல்லாத நடுக்கம் இறங்கும்போது ஏன் தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஏறும்போது தொடைச் சதை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே சதை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். நீளும்போது பாரம் தாங்குவதில் சதை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. மறுநாளைவிட அதற்கடுத்த நாள் வலி கூடுதலாக இருப்பதும், டாய்லெட்டில் உட்கார்ந்து எழ முடியாமல் போவதும் இதனால்தான். மூச்சுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நல்ல செய்தி ஒன்று உண்டு. ஒருமுறை இறக்கத்தின் வலியைச் சந்தித்த சதை, அடுத்த முறை அதே இறக்கத்தில் மிகக் குறைவாகத்தான் வலிக்கும். இந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நீடிக்கும். அதற்குள் மறுபடி இறங்கினால் தொடரும், நீண்ட நாள் போகாவிட்டால் மறைந்துவிடும். வருடத்துக்கு ஒரு தரம் ஏறுபவர் ஒவ்வொரு தரமும் முழு வலியைப் புதிதாக அனுபவிப்பதற்கும், வாரா வாரம் போகிறவர் திங்கள்கிழமை சாதாரணமாக வேலைக்குப் போவதற்கும் காரணம் இதுதான்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இறக்கம் தனியாக ஒரு நன்மை செய்யக்கூடும். ஆஸ்திரியாவில் ஃபோரார்ல்பெர்க் என்ற மலைநாட்டில் ஹைன்ஸ் ட்ரெக்சல் என்ற மருத்துவரின் குழு ஒரு அழகான சோதனை செய்தது. உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதவர்களை இரண்டு மாதம் மலையில் நடந்து ஏறச் சொல்லி, ரோப் காரில் இறக்கினார்கள். இன்னொரு இரண்டு மாதம் ரோப் காரில் ஏற்றி, நடந்து இறங்க வைத்தார்கள். கெட்ட கொழுப்பு இரண்டிலுமே குறைந்தது. ட்ரைகிளிசரைடு குறைந்தது ஏறியபோது. ஆனால் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் கூடியது இறங்கியபோதுதான். 2004இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. இதைப் படித்ததும் எனக்குப் பழனிதான் நினைவுக்கு வந்தது. அங்கே விஞ்ச் இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது, படிப்பாதை இருக்கிறது, சரிவாகச் சுற்றிப் போகும் யானைப் பாதையும் இருக்கிறது. ஏற மூச்சு ஒத்துழைக்காத, ஆனால் முழங்கால் நன்றாக உள்ள பெரியவர்கள், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, விஞ்சில் ஏறி யானைப் பாதையில் நடந்து இறங்கலாம். முருகன் கோவித்துக்கொள்ள மாட்டார்.

எப்படி இறங்குவது? அடியைச் சின்னதாக வையுங்கள். முழங்காலை விறைப்பாக நீட்டாமல் லேசாக மடித்தே வைத்திருங்கள். கால் பதிந்த பிறகு உடம்பை அதன்மேல் கொண்டுவாருங்கள். உடம்பை முன்னால் போட்டுவிட்டுக் காலைத் தேடக் கூடாது. ஒரு கம்பு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடி போதும். இறங்கும்போது முழங்காலில் விழும் பாரத்தைத் தடி குறைக்கிறது என்பது அளந்து பார்க்கப்பட்ட உண்மை. ஷூவைச் சாயங்காலத்தில் வாங்குங்கள். பகல் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் முட்டி முட்டிக் கறுத்துவிடும். அடிப்பாகம் நன்றாகப் பிடிப்புள்ளதாக இருந்தால் போதும், பத்தாயிரம் ரூபாய் ஷூ தேவையில்லை.

வார நாட்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாள் சதைக்கு வலுவூட்டும் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை மலை இதில் ஒரு பகுதிதான். மீதிக்குத் தெப்பக்குளத்தைச் சுற்றுங்கள், ரேஸ்கோர்ஸில் நடங்கள், அலுவலகத்தில் லிப்டை விட்டுவிட்டுப் படியில் ஏறி இறங்குங்கள். வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுங்கள். உட்காரும்போது மெல்ல, மூன்று எண்ணி. அந்த மெதுவான உட்காருதல் வீட்டுக்குள்ளேயே செய்யும் இறக்கப் பயிற்சி.

இனி பருவம். ஒரு வருடம் என்றால் எல்லாப் பருவத்தையும் சந்தித்தாக வேண்டும். தையும் மாசியும் தொடங்குவதற்கென்றே வந்த மாதங்கள். பங்குனி பிறந்ததும் பாறை சூடேறிவிடும். சித்திரை, வைகாசியில் காலை ஐந்தரைக்கு ஏறத் தொடங்கி எட்டு மணிக்குள் அடிவாரத்தில் இருக்க வேண்டும். வெறும் பாறை மலையில் வெயில் மேலே இருந்தும் வரும், கீழே இருந்தும் வரும். ஆனி, ஆடியில் மேல்காற்று. உச்சியில் தொப்பி நிற்காது, நடையோ சுகமாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பாறைமேல் பாசி படரும். அப்போது படி இருக்கும் இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இடி இடித்தால் வீட்டைவிட்டுக் கிளம்பவே வேண்டாம். சதுரகிரியில் 2015 மே மாதம் திடீரென்று காட்டாற்றில் வந்த வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். நாம் நிற்கும் இடத்தில் தூறல்கூட இருக்காது. மேலே மலையில் பெய்த மழை ஓடையில் இறங்கும். ஓடையில் தண்ணீர் கலங்கி ஏறுவதைப் பார்த்தால் கடக்காதீர்கள். வடியும்வரை காத்திருங்கள்.

தீயைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிக்கு மேலே குரங்கணியில் மலையேறச் சென்ற குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதிகம் பேர் இளைஞர்கள். தீக்காயம் பட்டவர்களில் பலரை நம் மதுரை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். இந்த ஊருக்கு அந்த வாரம் மறக்காது. மார்ச்சில் மலைப்புல் பஞ்சுபோலக் காய்ந்திருக்கும். தீ சமதளத்தைவிட மேல்நோக்கி வேகமாக ஓடும்; கீழே எரிவதன் வெப்பம் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடுகிறது. ஏற்றத்தில் மனிதன் அதை ஓடி ஜெயிக்க முடியாது. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு முறையான விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கி 14 மாவட்டங்களில் 40 காட்டுப் பாதைகளைத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று வகை பிரித்திருக்கிறார்கள். இணையத்தில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். தீப்பருவத்தில், பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடுவரை, பாதைகளை மூடிவிடுகிறார்கள். அந்த இரண்டு மாதமும் யார் கூப்பிட்டாலும், எவ்வளவு அனுபவசாலி என்றாலும், காட்டுக்குள் போகாதீர்கள். "எனக்குத் தெரிந்த வழி இருக்கிறது, அனுமதி தேவையில்லை" என்று சொல்பவரோடு எந்த மாதமும் போகாதீர்கள்.

தண்ணீர், ஆளுக்கு ஒரு லிட்டர் குறையாமல். கோடையில் இரண்டு. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. ஒரு பாட்டிலில் உப்புப் போட்ட நீர்மோர் கொண்டுவாருங்கள். சர்க்கரைக்கு ஊசி போடுபவர்களும் சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் ஏறும் வழியில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடக் கூடும். கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போட்டுக்கொள்ள குளுக்கோஸோ வெல்லமோ சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும். முதுகுப் பையின் அடியில் இருந்தால் பயனில்லை. நாற்பதைத் தாண்டியவர்கள், சுகர், பிரஷர் உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது சிறு வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அவர்கள், முதல் ஏற்றத்துக்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத குளிர்ந்த வியர்வை இதில் எது வந்தாலும் "கேஸ்தான், சரியாகிவிடும்" என்று ஏறாதீர்கள். உட்காருங்கள், கூட இருப்பவரிடம் சொல்லுங்கள், 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

எடையைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மலை நடந்தால் பத்துக் கிலோ குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏறிவிட்டு வந்து நாலு பரோட்டா சாப்பிட்டால் கணக்கு அன்றைக்கே சமன். எடை பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டில்தான் தீர்மானமாகிறது. எடை குறையவில்லையே என்று வருத்தப்பட்டு நல்ல பழக்கத்தை நிறுத்திவிட்டவர்கள் உண்டு. அவர்கள் இடுப்புச் சுற்றளவையும் காலையில் எழுந்ததும் நாடித் துடிப்பையும் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் சர்க்கரையையும் பார்த்திருந்தால் நிறுத்தியிருக்க மாட்டார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் இவற்றை எழுதுங்கள். எந்தப் படியில் நின்றீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

தனியாகப் போகாதீர்கள். குறிப்பாகப் பெண்களுக்கு நம் ஊரில் காலை ஐந்தரை மணிக்குக் குன்றடியில் தனியாக நிற்கும் நிலைமை இன்னும் வரவில்லை. நாலு பேர் சேர்ந்தால் அந்தத் தடை போய்விடுகிறது. இந்த விஷயத்தில் மதுரை கொடுத்துவைத்த ஊர். 2010இல் யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கப்போவதாகப் பேச்சு வந்தபோது, ஒத்தக்கடை, நரசிங்கம் மக்கள் எழுந்து நின்று மலையைக் காப்பாற்றினார்கள். அந்த எழுச்சியின் தொடர்ச்சியாக எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் 'பசுமை நடை'யைத் தொடங்கினார். மாதம் ஒரு ஞாயிறு, ஏதாவது ஒரு குன்று. கல்வெட்டு அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் பாறையடியில் நின்று பாடம் நடத்த, குழந்தையும் தாத்தாவும் சேர்ந்து கேட்டார்கள். உடற்பயிற்சி என்று யாரும் அங்கே சொல்லவில்லை. ஆனால் அப்படி நடந்தவர்களின் கால் எவ்வளவு தேறியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மலையைக் காக்கும் கதை யானைமலையோடு முடியவில்லை. மதுரைக்குப் பக்கத்து அரிட்டாபட்டியை 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். பிறகு டங்ஸ்டன் சுரங்கம் என்று ஆபத்து வந்தபோது, ஊர் ஊராக மக்கள் நடந்தே மதுரைக்கு வந்தார்கள். 2025 ஜனவரியில் அந்தச் சுரங்க ஏலம் ரத்தானது. வாரா வாரம் மலைக்குப் போகிறவர்கள் ஊரில் நிறைய இருந்தால், ஒரு மலைக்கு ஏதாவது நடக்கும்போது முதல் நாளே தெரிந்துவிடும். என் உடம்புக்காகத் தொடங்கிய நடையில் இந்த அக்கறையும் சேர்ந்துகொண்டது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. மலையில் பிளாஸ்டிக்கைப் போடாதீர்கள். சிற்பங்களில் கை வைக்காதீர்கள், பெயர் கிறுக்காதீர்கள். பாறை இடுக்கில் பெருந்தேனீக் கூடு தொங்கும். சென்ட் போட்டுக்கொண்டு வராதீர்கள், அங்கே புகை பிடிக்காதீர்கள்.

ஒன்பது மாதம் தாண்டி, மார்கழி திரும்பி வரும்போது, ஒரு பெரிய மலையை வைத்துக்கொள்ளுங்கள். தீப்பருவத்துக்கு முன்னால், ஜனவரியில், வனத்துறைப் பாதை ஒன்றைப் பதிவு செய்யுங்கள். குரங்கணி பக்கம் இப்போது வழிகாட்டியோடு போகும் பாதை இருக்கிறது. வெள்ளியங்கிரிதான் மனதில் இருக்கிறது என்றால் தீப்பருவம் முடிந்து சித்திரை வரை காத்திருங்கள். பெரிய மலைக்கு முந்தைய இரண்டு வாரம் உழைப்பைக் குறைத்து, நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள்.

வருகிற ஞாயிறு காலை ஆறேகாலுக்குக் கீழக்குயில்குடி கருப்பசாமி கோயில் முன்னால் நாங்கள் கூடுகிறோம். பணம் ஒன்றும் கிடையாது. பேச்சிப்பள்ளம் வரைதான், அதற்கு மேல் யாரையும் விட மாட்டோம். தண்ணீர், தொப்பி, ஒரு கம்பு கொண்டுவாருங்கள். வெறும் வயிற்றில் வராதீர்கள், இரண்டு இட்லி போதும். சர்க்கரைக்கு ஊசி போடுபவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் கிளம்பும் முன் எங்களில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். முழங்கால் பற்றி எழுதிக் கொடுத்த கேள்விகள் நாலைந்து என் கையில் இருக்கின்றன. இப்போது அவற்றை எடுத்துக்கொள்வோம்.